ஒரு சாண் உயரத்தில்

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பின்னல் மிஷின் ஒன்று தொங்குகிறது. இரண்டரை டன் எடை. வீதியின் இரண்டு முனையிலும் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருக்கிறது. கோட்டுக்கு அப்பால் சைக்கிளில் வந்தவர்களும் தண்ணீர்க் குடத்தோடு நிற்கும் பெண்களும் முணுமுணுத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஹைட்ரா கிரேனின் என்ஜின் உறுமிக்கொண்டிருக்கிறது. காக்கிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்ட ஒரு மனிதர் அந்த மிஷினைச் சுற்றி நிதானமாக ஒரு நடை நடக்கிறார். தள்ளி நின்று குனிந்து அடிப்பாகத்தைப் பார்க்கிறார். நிமிர்ந்து கொக்கியைப் பார்க்கிறார். "இன்னும் என்னங்க மேஸ்திரி பாக்கறீங்க?" என்று கிரேன் டிரைவர் அலுத்துக்கொள்வார். "அது என்ன சொல்லுதுன்னு பாக்கேன்" என்பார் மேஸ்திரி. தூக்கிய பொருளை ஒரு சாணில் நிறுத்தி, அது எந்தப் பக்கம் சாய்கிறது, பெல்ட் எங்கே இறுகுகிறது என்று பார்த்த பிறகுதான் மேலே ஏற்றுவார். எத்தனை முறை தூக்கினாலும் அந்த ஒரு சுற்று உண்டு. எங்கள் கம்பெனி நினைவு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது துணியும் அல்ல, மிஷின் சத்தமும் அல்ல. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு நிமிடம்தான்.

நான் கொமரலிங்கத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகித் திருப்பூர் வந்தபோது பனியன் துணி எப்படி உருவாகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. மாமனார் விவசாயக் காட்டை விற்று, வேலம்பாளையத்தில் நான்கு மிஷின்களோடு நிட்டிங் ஆரம்பித்தவர். கணவருக்குப் பொழுதெல்லாம் காதர்பேட்டையில் வியாபாரிகளோடு போய்விடும். கம்பெனிக்குள் நடப்பதை யாராவது பார்க்க வேண்டும் என்று என்னை உட்கார வைத்தார்கள். இரண்டு வருடத்தில் நூல் லாட்டு, ஊசி, ஷிப்ட் எல்லாம் என் பொறுப்புக்கு வந்துவிட்டன. கீழே துணி குடோன், மாடியில் நிட்டிங். அதனால் புதிதாக எந்த மிஷின் வந்தாலும் முன்சுவரில் விட்டிருந்த பெரிய திறப்பின் வழியாகத்தான் மாடிக்கு ஏற்ற வேண்டும். அந்த வேலைக்காக வந்தவர்தான் மேஸ்திரி.

அவருக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர். அங்கே துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு திருப்பூருக்குக் குடிவந்தவர். கூட ஐந்து பேர். எல்லோரும் அவர் பக்கத்து ஊர்க்காரர்கள். டெம்போவில் ஜாக்கி, இரும்புப் பைப்புகள், கட்டைகள், கயிறு எல்லாம் கொண்டுவந்து, இறக்கியதும் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். சுமை தூக்கும் அகலமான நாடாவை நாங்கள் பெல்ட் என்போம். அதைத் தரையில் நீட்டிப் போட்டு, விரலால் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போவார். ஒரு நூல் பிரிந்திருந்தாலும் ஒதுக்கிவிடுவார். மின்வாரிய ஆள் வந்து வீதியில் கரண்டை நிறுத்தாமல் கிரேனின் கையை நீட்டச் சொல்ல மாட்டார். மிஷினின் கூரான விளிம்பு பெல்ட்டில் படும் இடங்களுக்கு எங்கள் குடோனிலிருந்தே பனியன் வேஸ்ட் துணி கேட்பார். நான்காக மடித்து, எட்டாக மடித்துச் சொருகுவார். "எக்ஸ்போர்ட் குவாலிட்டி மெத்தைம்மா. எந்த மிஷினுக்குக் கிடைக்கும் இது?" என்று சிரிப்பார். கடைசியில் நெஞ்சில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டு விசிலை வாயில் வைப்பார். அதன் பிறகு அவர் விசிலும் கையும்தான் பேசும். கூட இருப்பவர்கள்கூட வாய் திறக்க மாட்டார்கள்.

மிஷின் ஏறி, அதன் இடத்தில் உட்கார்ந்து, மட்டம் பார்த்து முடிந்ததும் அவர் வேறு ஆளாகிவிடுவார். குடோன் வாசலில் வட்டமாக உட்கார்ந்து, அவர் மனைவி தூக்குவாளியில் கொடுத்துவிட்ட மீன் குழம்பைப் பிரிப்பார்கள். துணியில் ஓட்டை பார்க்கும் எங்கள் செக்கிங் பெண்கள் அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொள்வது போல் நடித்துவிட்டு, பிறகு எட்டிப் பார்ப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு பை நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் வரும். அதை மாமனார் ஒருவரே பாதிக்கு மேல் தின்றுவிடுவார். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சுமுகம் இருந்தது. ஆனாலும் மேஸ்திரியின் நிதானம் மட்டும் மாமனாருக்கு ஆகவே ஆகாது. "ஒரு சாண் தூக்கி வெச்சுப்போட்டு வேடிக்கை பாக்கறானே, இந்நேரம் நான் தோள்ல போட்டு ஏத்தியிருப்பேன்" என்று என்னிடம் புலம்புவார். நான் அதை மேஸ்திரியிடம் சொன்னால், "அவசரம் நமக்குத்தான்மா. மிஷினுக்கு ஒரு அவசரமும் கெடையாது" என்பார்.

அந்த வருடம் நான்கு புதிய மிஷின்கள் ஒன்றாக வந்து இறங்கின. மாமனாருக்கு அது பெரிய நாள். சொந்தபந்தங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார். வளர்பிறை முகூர்த்தம் பார்த்து, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முதல் மிஷின் மாடியில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மின்வாரிய ஆள் வரத் தாமதமாகிவிட்டது. மேஸ்திரி பெல்ட் போட்டு, மடிப்புத் துணி சொருகி முடித்து, மிஷினைத் தூக்கி ஒரு சாணில் நிறுத்திப் பார்த்துவிட்டு, மேலே ஏற்ற ஆரம்பித்தபோது மணி பத்து. மிஷின் ஆள் உயரம் தாண்டியிருக்கும். அப்போது மாமனார் பட்டு வேட்டியைத் தழையவிட்டுக்கொண்டு, கையில் சூடம் எரியும் தட்டோடு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நடந்தார். அந்தரத்தில் நிற்கும் மிஷினுக்கு அடியில் நின்று சூடம் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

விசில் நீளமாக ஒன்று ஒலித்தது. கிரேன் நின்றது. மேஸ்திரி ஓடிவந்து மாமனாருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்தார். "மொதலாளி, அங்கனயே நில்லுங்க. கீழ வரப்பிடாது."

"சாமி கும்பிடோணும் மேஸ்திரி. ஒரு நிமிசம்."

"தரையில எறக்கித் தாரேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் கும்பிடுங்க. தொங்கும்போது யாரும் வரப்பிடாது."

"என்ற எடத்துல நான் எங்க நிக்கோணும்னு நீ சொல்றியா?"

மேஸ்திரி குரலை உயர்த்தவில்லை. "எடம் ஒங்களுது, மிஷினும் ஒங்களுது. தொங்குற வரைக்கும் அது எம் பொறுப்பு. சாமியே நேர்ல வந்தாலும் இந்தக் கோட்டுக்கு அங்கிட்டுதான் நிக்கணும்."

கூடியிருந்த சொந்தக்காரர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று பிற்பாடு எனக்குத் தோன்றியிருக்கிறது. மேஸ்திரி மிஷினைத் தரைக்கு இறக்கினார். சூடம் அணைந்துவிட்டது. மாமனார் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ இனி இங்க வர வேண்டாம். உன்ற சாமானத்த எடுத்துட்டுக் கெளம்பு" என்றார். மேஸ்திரி ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய ஆட்கள் மடிப்புத் துணிகளை உருவி எடுத்து, குடோன் மூலையில் பழையபடி அடுக்கி வைத்துவிட்டு, டெம்போவில் ஏறிப் போனார்கள். அவர் அழைத்துவந்த கிரேனும் பின்னாலேயே போய்விட்டது.

மாமனார் பஞ்சாங்கத்தைப் புரட்டி, மத்தியானம் ஒன்றரைக்கு மேல் இன்னொரு நல்ல நேரம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். "வேற ஆளப் புடி அம்மிணி" என்றார். பிடித்தது நான்தான். யாரோ கொடுத்த எண்ணில் கூப்பிட்டேன். சொன்ன நேரத்துக்கு ஒரு ஹைட்ரா வந்தது. டிரைவரும் கூட இரண்டே இரண்டு பேரும். அவர்கள் கோடு போடவில்லை, சுற்றி வரவுமில்லை. பத்து நிமிடத்தில் பெல்ட்டை மாட்டிவிட்டார்கள். இரும்பு விளிம்பு பெல்ட்டில் நேராக அழுந்தியிருந்ததை நான் பார்த்தேன். இரண்டு எட்டு வைத்தால் மூலையில் மடிப்புத் துணி இருக்கிறது. எடுத்துக்கொடுக்கலாமா என்று நினைத்தேன். காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்த மாமனார் அப்போதுதான் சொந்தக்காரர்களோடு சிரித்துப் பேச ஆரம்பித்திருந்தார். இப்போது போய் எதையாவது சொல்லி இதையும் நிறுத்துவதா என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மிஷின் ஆடாமல் பிடிக்கக் கீழேயிருந்து கயிறு பிடிக்க ஆள் பற்றவில்லை என்றார்கள். எங்கள் ஃபிட்டரைக் கூப்பிட்டு, "நீங்க கொஞ்சம் புடிங்க" என்றேன். ஆரம்ப நாளிலிருந்து எங்களோடு இருந்தவர், உள்ளூர்க்காரர். மாமனாருக்கு மகன் மாதிரி. எந்த மிஷின் நின்றாலும் அவர் கை பட்டால் ஓடும். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். மிஷின் முதல் மாடித் திறப்பை எட்டுவதற்குள் ஒரு பக்கம் சாய்ந்தது. துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. எங்கள் வீதியில் நாள் முழுக்கக் கேட்கும் சத்தம்தான் அது, அதனால் ஒரு வினாடி எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கிழிந்தது பெல்ட் என்று புரிவதற்குள் நிலம் அதிர்ந்தது. புழுதி அடங்கியபோது மிஷின் வாசல் படியின் மேல் சாய்ந்து கிடந்தது. அதன் வளையத்துக்கு அடியில் ஃபிட்டரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே மாட்டியிருந்தது.

ஹைட்ரா டிரைவர் குதித்து இறங்கி ஓடிவிட்டான். அவன் ஆட்களும் ஓடிவிட்டார்கள். வீதியே திரண்டு வந்து கத்தியது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். மிஷின் அசைய, ஃபிட்டர் அலறினார். மேஸ்திரிக்குத்தான் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே, "யாரும் தொடாதீங்கம்மா. ஹைட்ராவ வச்சு இழுக்கவே விட்ராதீங்க. இந்தா வந்துட்டேன்" என்றார். இரண்டு வீதி தள்ளி ஒரு பிரிண்டிங் கம்பெனியில் வேலையாக இருந்திருக்கிறார். ஐந்து நிமிடத்தில் டெம்போ வந்தது. அவருக்கு முன்பாகவே அவருடைய ஆட்கள் கட்டைகளோடு குதித்தார்கள்.

வந்தவர் மிஷினைத் தொடவில்லை. சுற்றி ஒரு நடை நடந்தார். அந்த நேரத்தில் அந்த நடையைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கொடுமையாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஃபிட்டரின் மைத்துனர் பாய்ந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தார். "ஆளு சாகறான், நீ வேடிக்கையா பாக்கற?" மேஸ்திரி அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "படி மேல நிக்குதுய்யா இது. இந்தப் பக்கம் தூக்குனா அந்தப் பக்கம் உருண்டு அவரு நெஞ்சுல விழும். செத்த நேரம் குடுங்க." மாமனார், "தூக்குங்கடா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். மேஸ்திரி அவர் பக்கம் திரும்பி, காலையில் சொன்ன அதே குரலில், "மொதலாளி, கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க" என்றார். இந்த முறை மாமனார் நகர்ந்தார்.

என்னைக் கூப்பிட்டு ஃபிட்டரின் தலைமாட்டில் உட்காரச் சொன்னார். "பேசிக்கிட்டே இருங்கம்மா. கண்ண மூட விடாதீங்க." நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. ஊசி எண், நூல் நம்பர் என்று எதையெதையோ கேட்டிருக்கிறேன். அவரும் பதில் சொல்லியிருக்கிறார். மேஸ்திரி சாய்ந்த பக்கத்தில் கட்டைகளை இறுக்கி, மிஷின் உருளாதபடி முதலில் தடுத்தார். பிறகு ஜாக்கியை வைத்தார். ஒரு விரற்கடை உயர்த்துவார். இடைவெளியில் கட்டை சொருகுவார்கள். ஆடுகிறதா என்று பார்ப்பார். மறுபடி ஒரு விரற்கடை. ஆம்புலன்ஸ் வந்து, செவிலியர் அங்கேயே குளுக்கோஸ் ஏற்றினார். இருபது நிமிடம். காலை உருவி எடுத்து, ஃபிட்டரை ஸ்ட்ரெச்சரில் வைத்தார்கள். ஆம்புலன்ஸ் போன பிறகு மேஸ்திரி வாய்க்கால் ஓரம் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஃபிட்டரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். அந்தச் செய்தி வந்த அன்று மாமனார் பூஜை அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆனால் வெளியே வந்து அவர் பேசிய பேச்சு வேறாக இருந்தது. "வந்த உடனே தூக்கியிருந்தாக் காலு பொழச்சிருக்கும். இருவது நிமிசம் சுத்திச் சுத்தி வந்தான். காலைல நான் பேசுனதுக்குப் பழி வாங்கிப்போட்டான்." பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொன்னார். தன்மேல் விழ வேண்டிய பாரத்தைத் தாங்க முடியாமல்தான் அப்படிப் பேசினார் என்று இன்று புரிகிறது. அன்று அந்தப் பேச்சு வேலம்பாளையம் முழுக்கப் பரவியது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக வேறு ஆள் பார்த்தன. அவருடைய ஐந்து பேரில் மூன்று பேர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எல்லாம் கேள்விப்பட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. வேறு கிரேனைக் கூப்பிட்டவள் நான். துணி சொருகாததைப் பார்த்தவள் நான். ஃபிட்டரைக் கயிறு பிடிக்க அனுப்பியவளும் நான். மேஸ்திரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் இந்த மூன்றையும் சொல்ல வேண்டிவரும். அதனால் மாமனாரின் பேச்சு எனக்கும் வசதியாக இருந்தது. அதைத்தான் இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஃபிட்டர் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு கம்பெனிக்கு வந்தார். செக்கிங் பெண்கள் அழுதார்கள். மாமனார் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து ஆபீஸ் அறைக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். "அந்த மேஸ்திரி மட்டும் கொஞ்சம் சுருக்காத் தூக்கியிருந்தா…" என்று தொடங்கினார். ஃபிட்டர் அவரைப் பேச விடவில்லை. எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாத மனிதர் அவர்.

"அப்படிச் சொல்லாதீங்கய்யா. அடியில கெடந்தவன் நானு. என்ற காலு அது உழுந்தப்பவே போயிருச்சு. டாக்டரும் அதத்தான் சொன்னாரு. ஆளாளுக்குத் தூக்கப் பாத்தாங்கல்ல, அப்ப மிஷினு என்ற பக்கமா அசஞ்சது எனக்குத் தெரியும். அவரு வந்து கட்டை வெக்கறதுக்குள்ள இன்னொருக்கா யாராச்சும் தொட்டிருந்தா நான் இன்னைக்கு வந்து உங்க முன்னால உக்காந்திருக்க மாட்டனுங்க."

அறையில் நாங்கள் மூன்று பேர்தான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "மாமா, அந்தக் கிரேனைக் கூப்புட்டது நானுங்க. பெல்ட்டுக்குத் துணி வெக்கலைன்னு பாத்தேன். பாத்துட்டுப் பேசாம இருந்துட்டேன். இவரக் கயிறு புடிக்கச் சொன்னதும் நானுங்க" என்றேன். ஃபிட்டர் என்னைப் பார்த்து, "எனக்குத் தெரியுமுங்க அம்மிணி. வலி தெரியாம இருக்கோணும்னு மடியில வெச்சுட்டு ஊசி நம்பரு கேட்டீங்களே, அதும் தெரியும்" என்றார்.

மறுநாள் காலை மாமனார் என்னை அழைத்தார். மீதி மூன்று மிஷின்களை மாடிக்கு ஏற்ற யாருக்கும் மனம் வராமல், குடோனிலேயே நெருக்கியடித்து ஓட்டிக்கொண்டிருந்தோம். கீழே விழுந்தது என்றோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. "அந்த மூணையும் மேல ஏத்தோணும். மேஸ்திரியக் கூப்புடு கண்ணு" என்றார்.

போனில் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் குடியிருந்த லைன் வீட்டுக்கே போனேன். மேஸ்திரி அப்போது ஒரு பழைய இரும்புக் கடையில் எடை போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் மனைவி கடுங்காப்பி கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, "ஒங்களக் குத்தம் சொல்லி எனக்கு என்ன ஆகப்போவுது? ஃபிட்டரு நடக்காருல்ல, அது போதும்" என்றார். பல நாளாக மனதில் இருந்த ஒன்றைக் கேட்டேன். துறைமுகத்தில் அவருக்கு வேண்டிய யாராவது இப்படிச் சுமைக்கு அடியில் மாட்டி இறந்திருக்க வேண்டும், அதனால்தான் இவ்வளவு ஜாக்கிரதை என்று நானாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன்.

"அப்படி ஒண்ணும் இல்லையேம்மா" என்று அவர் வியந்தார். "எனக்குப் பயம். அவ்வளவுதான்."

அவர் மனைவி சிரித்துவிட்டார். "பல்பு மாட்ட நான் ஸ்டூல்ல ஏறுனாக்கூட, கீழ பிள்ளைய நிக்கப்பிடாதுன்னு வெரட்டுவாரு. இவரக் கட்டிக்கிட்டு நான் படுத பாடு!"

மிஷின் ஏற்ற வர முடியுமா என்று கேட்டேன். வருகிறேன் என்றார் மேஸ்திரி. மாமனார் நேரில் வந்து அழைக்க வேண்டும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "கோட்டுக்கு வெளிய நிக்கச் சொல்லுங்க. அது போதும்" என்றார்.

ஊருக்குப் போன ஆட்களில் இருவர் திரும்பி வந்திருந்தார்கள். மிஷின் ஏற்றிய அன்று சொந்தக்காரர்கள் யாருக்கும் அழைப்பில்லை. மிஷினைத் தரையில் வைத்தே மாமனார் சூடம் காட்டினார். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வீதி முனையில், சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தார். வந்த வண்டிக்காரர்களையெல்லாம் கையை நீட்டி மறித்தார். "செத்த பொறுங்க சாமி. மேஸ்திரி சொன்னாத்தான் உடுவேன்" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. மூன்று மிஷினும் ஏற மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. ஒரு முறைகூட அவர் எழுந்து வரவில்லை. சாப்பாட்டுக்கு உட்காரும்போது மேஸ்திரியின் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பாயசம் வந்தபோது, "இவருக்கு இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்று மட்டும் மாமனார் சொன்னார். "நீ", "அவன்" என்றே சொல்லிவந்தவர் "இவர்" என்றதை மேஸ்திரி கவனித்தாரோ இல்லையோ, நான் கவனித்தேன். அதற்குப் பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம், "மேஸ்திரின்னா அவருதான்யா" என்று மாமனாரே சொல்லி, போன வேலைகளில் பாதியாவது திரும்பி வந்தது. மீதி பாதி வரவில்லை. பரப்பிய பேச்சை முழுக்கத் திரும்ப அள்ள முடியவில்லை.

மாமனார் காலமாகிவிட்டார். மேஸ்திரி முட்டி வலி தாங்காமல் மனைவியோடு ஊருக்கே போய்விட்டார். ஃபிட்டர் இப்போது எங்கள் ஊசி ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறார். யார் எந்த மிஷினுக்கு ஊசி கேட்டு வந்தாலும் முதலில் அவர்களிடம் பத்து கேள்வி கேட்பார். ஊருக்கு வெளியே புதுக் கட்டடம் எழுப்பியிருக்கிறோம். வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள். எச்சரிக்கைப் பலகைகள் தமிழிலும் இந்தியிலும் தொங்குகின்றன. போன மாதம் கூரைக்கு மேலே ஒரு பெரிய குளிரூட்டும் கருவியை ஏற்ற, மேஸ்திரி காலத்து ஹைட்ராவைப் போல் ஐந்து மடங்கு இருக்கும் ஒரு கிரேன் வந்தது. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு இளம் எஞ்சினியர் ஏழெட்டுத் தாள்களை நீட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினார். பெல்ட், கொக்கி, காற்று, கரண்ட் எல்லாம் அதில் அச்சாகியிருந்தன. மேஸ்திரி விரலால் தடவித் தெரிந்துகொண்டதையெல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷமாக இருந்தது.

தூக்கத் தொடங்கும் நேரத்தில் கிழக்கே கறுத்து, காற்று கிளம்பியது. எஞ்சினியர் தயங்கினார். கிரேன் கம்பெனி ஆள், அடுத்த ஊரில் வேலை காத்திருக்கிறது, அரை மணியில் முடித்துவிடலாம் என்று அவரை நெருக்கினார். எஞ்சினியர் என் முகத்தைப் பார்த்தார். தாளில் எல்லாம் இருந்தது, வேண்டாம் என்று சொல்லும் வாய்தான் அவருக்கு வரவில்லை. "இன்னைக்கு வேண்டாமுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். கிரேன் கம்பெனி ஆள் முணுமுணுத்துக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் காற்று அடங்கி, ஒரு தூறலோடு வானம் வெளுத்துவிட்டது. தூக்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மறுநாள் வெயிலில் கருவி ஏறியது.

இதை எழுத உட்கார்ந்தபோது ஒன்று உறைத்தது. மேஸ்திரி எங்களுக்கு ஏற்றிக்கொடுத்த மிஷின்கள் முப்பதுக்கு மேல் இருக்கும். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. காலையில் வந்தார்கள், ஏற்றினார்கள், மீன் குழம்பு சாப்பிட்டார்கள், போனார்கள். அவர் இல்லாத ஒரு மத்தியானத்தைத்தான் இத்தனை பக்கம் எழுத முடிகிறது. வெறுமனே கடந்துபோன அந்த நாட்களெல்லாம் அவர் பார்த்த வேலை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

கருவி ஏறிய அன்று சாயங்காலம் அவருக்குப் போன் செய்தேன். காற்று வந்ததையும் நிறுத்தியதையும் சொன்னேன். ஒரு தூறலுக்கு ஒரு நாள் வேலையைக் கெடுத்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

"நெனச்சிட்டுப் போவட்டும்" என்றார். "ஒண்ணும் நடக்கலைல்ல?"

"ஒண்ணும் நடக்கலீங்க மேஸ்திரி."

"அப்பச் சரி" என்றார். பிறகு தன் ஊரில் இந்த வருடம் மழை எப்படி என்று நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.